ஆயிரம் பொய்யும் ஆயிரம் கண்ணும்: மணத்துணை தேடலில் சான்றின் வரலாறு



ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடித்துவை என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் நல்லோர் சிலர், ‘இது திரிந்த வழக்கு, ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி என்பதே பழைய வடிவம்’ என்று விளக்கம் தருவர். மொழியியல் நோக்கில் இவ்விளக்கத்தை ஏற்பது அரிது. பழமொழி உள்ளபடியே பொருள் தந்து நிற்கும்போது, நெடில் குறிலாயிற்று என்று கொள்வதற்குக் காரணம் வேண்டும். அத்தகைய காரணம் எதுவும் காட்டப்படவில்லை. ஆயினும் அவ்விளக்கத்தை நாம் முற்றாக ஒதுக்கிவிட முடியவில்லை. மணத்துணை தேடலில் பொய் எப்போதும் உடனிருந்தது என்பதையும், அப்பொய்க்கு மாற்றாக மக்கள் நாடியது பலரும் அறியச் செய்தலையே என்பதையும், இவ்விரு வடிவங்களும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன.

இன்று மணத்துணை தேடல் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பொய்யான இணைதேடு தளங்கள் பெருகியுள்ளன. நேர்மையான தளங்கள் அவற்றோடு போட்டியிட வேண்டியுள்ளன. இது புதிய சிக்கல் என்று பலர் கருதுகின்றனர். இதன் வேர் பழையது என்பதையும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரின் வரலாற்றில் இதற்கான பாடம் உண்டு என்பதையும் இவ்வுரையில் காண முயல்வோம்.

1. இலக்கணம் கண்ட பொய்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கற்பியலில் ஒரு நூற்பா உண்டு. காதலரிடையே பொய்ம்மையும் பிழையும் தலைகாட்டிய பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்பது அதன் கருத்து. அச்சடங்கிற்குக் கரணம் என்று பெயர். இந்நூற்பாவை நாம் பெரும்பாலும் ஒழுக்கப் பாடமாகவே கற்பித்து வந்துள்ளோம். அதனுள் ஒரு சமூகவியல் உண்மையும் உண்டு. நம்பிக்கை ஒன்றே போதுமாயிருந்த இடத்தில் பொய் நுழைந்தது. பொய் நுழைந்ததும் சான்று தேவைப்பட்டது. சான்றினைத் தருவதற்காகப் பலர் காணச் செய்யும் ஒரு செயல் உருவாயிற்று.

சங்கப் பாடல்கள் இத்தேவையை இரு கோணங்களில் காட்டுகின்றன. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலரின் தலைவி, தலைவன் தன்னை மணந்த வேளையில் வேறு எவரும் அங்கில்லை என்று வருந்துகிறாள். ஓடும் நீரில் மீனை நோக்கியிருந்த நாரை ஒன்றே அங்கிருந்தது. நாரை எவ்வாறு சான்று கூறும்? அகநானூற்றின் 256ஆம் பாடலில் மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். கள்ளூர் என்னும் ஊரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சான்றறிந்தவரை வினவி உண்மை தெளிந்து, அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீற்றைப் பெய்தனர். முதற்பாட்டில் சான்று இல்லை; இரண்டாம் பாட்டில் சான்று உண்டு. இரு பெண்களின் நிலைக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

சான்று என்னும் பொருளில் அக்காலத் தமிழ் வழங்கிய சொற்களுள் ஒன்று ‘கரி’. இன்று அது அடுப்புக்கரியை மட்டுமே நினைவூட்டுகிறது. சொல்லை மறந்தோம், பொருளின் தேவை மறையவில்லை. கற்பியல் கூறும் பன்னிரு வாயில்களை மாணவர் நினைவில் கொள்க. ஊடிய கணவன் மனைவியரிடையே சென்று பேசும் இடைநிலையாளர் அவர்கள். தோழி, பாணன் முதலியோரைக் கூறிச் செல்லும் அவ்வரிசையில் ‘கண்டோர்’ என்பாரும் இடம்பெறுகின்றனர். கண்ணால் கண்டவருக்கும் இடைநிலையாளர் தகுதி உண்டு என்பது இலக்கணத்தின் முடிபு.

2. தலைக்கணக்கும் பொய்க்கணக்கும்

இனி நம் மலைக்கு வருவோம். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இம்மலைப்பகுதியைக் குறித்துச் சென்றார். எனினும் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் வேறு தோட்டங்களும் தோன்றின. சரிவுகளில் காடழித்து, செடி நட்டு, கொழுந்து பறித்த கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள்.

அக்கைகள் மலாயாவை அடைந்த வழி கங்காணி முறை. கண்காணி என்னும் சொல்லே கங்காணி ஆயிற்று. கண்ணால் காண்பவன், மேற்பார்ப்பவன் என்பது பொருள். தன் ஊருக்குச் சென்று, தன் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வருவது அவன் தொழில். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, அவர்கள் கப்பலேறினர். எத்தனை பேரைக் கொண்டுவந்தான், அவர்களுள் எத்தனை பேர் நாள்தோறும் வேலைக்கு இறங்கினர் என்று தலைக்கணக்கில் கங்காணிக்குக் காசு கிடைத்தது. இக்குறிப்பை மனத்திற்கொள்க. இது பின்னர் வேறு வடிவில் திரும்பி வரும்.

வந்தவருள் ஆண்களே மிகுதி. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூற்றுக்கும் குறைவான பெண்களே இருந்தனர். 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள், துணையின்றிச் செல்லும் ஆண்களின் அளவைக் கட்டுப்படுத்த முயன்றன. நல்ல நோக்கத்தில் எழுந்த விதி ஒரு புதுப் பொய்க்கு வழி திறந்தது. முன்பின் அறியாத ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முகாமிலேயே கணவன் மனைவியாக எழுதப்பட்டுக் கப்பலேறியதுண்டு. இத்தகைய முகாம் மணங்களை வரலாற்றாய்வாளர் அருணிமா தத்தா, மலாயாவின் இந்தியத் தொழிலாளப் பெண்களைப் பற்றி 2021இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். இவ்வுறவுகளைப் பெண்கள் தம் பிழைப்புக்கும் பாதுகாப்புக்கும் ஏற்பப் பயன்படுத்திக்கொண்டதும் உண்டு என்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவர்களை ஏமாந்தவர்கள் என்று மட்டுமே கொள்வது பிழை.

ஆனால் ஏட்டில் இருந்த அந்த மணத்திற்குக் கண்டவர் எவருமில்லை. ஊர் இல்லை, உறவு இல்லை, கரணம் இல்லை. இடைநிலையாளருக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கை மட்டுமே இருந்தது. தலைக்கணக்கில் கூலி பெறும் இடைநிலையாளன் தலைகளைப் பெருக்குவான். பொருத்தத்தைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

3. லயத்தின் கண்கள்

1938ஆம் ஆண்டு சூன் திங்களில், மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடைசெய்தது. வெளியிலிருந்து ஆள் வருவது குறைந்தது. இருந்தவர் குடும்பமாக ஊன்றினர். தோட்டத்திலேயே பிறந்த ஒரு தலைமுறை மணவயது அடைந்தபோது, லய வீடுகளின் வரிசை ஓர் ஊராகவே மாறியிருந்தது. விடியற்காலைப் பெரட்டில் அனைவரும் ஒன்றாக நின்றனர். ஒரே சரிவில் கொழுந்து பறித்தனர். ஒரே மாரியம்மன் கோயில் திருவிழாவில் கூடினர். ஒருவன் குடிப்பவனா, கடன்பட்டவனா, வேறிடத்தில் குடும்பம் வைத்திருப்பவனா என்பது பக்கத்து வீட்டின் பலகைச் சுவர் வழியே தெரிந்துவிடும்.

இச்சூழலில் உருவான ஒரு வினா மலேசியத் தமிழரின் பேச்சில் இன்றும் உண்டு. அறிமுகமாகும் இருவர் பெயரைக் கேட்ட மறுநொடியே, ‘நீங்க எந்தத் தோட்டம்?’ என்று கேட்பர். அயலார் இதை வெறும் நலவிசாரிப்பு என்று எண்ணக்கூடும். உண்மையில் அது சான்று தேடும் வினா. தோட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால், அங்குள்ள ஒருவரைக் கேட்டு மற்ற அனைத்தையும் அறிந்துகொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் வேறு தோட்டத்தவர் என்றால், அத்தோட்டத்துக் கங்காணியையோ கிராணியையோ தெரிந்தவர் வழியாகக் கேட்பர். தரகு பேசியவருக்கு வெற்றிலை பாக்கும் வேட்டி துண்டும் சிறு தொகையும் காரியம் முடிந்த பின்னரே கிடைத்தன. அவரும் அதே தோட்டத்தில்தான் வாழவேண்டும். சேர்த்துவைத்த குடும்பம் சிதைந்தால், அடுத்த நாள் பெரட்டில் அவர் முகம் கொடுக்க நேரும்.

இக்காலத்தைப் பொற்காலம் என்று கூற நாம் வரவில்லை. அதே கண்கள் சாதியையும் கண்காணித்தன; பெண்ணின் விருப்பத்தைக் கேளாமலே முடிவெடுத்தன; மனம் ஒத்தவரைப் பிரிக்கவும் செய்தன. சான்று தந்த ஊரே தளையும் இட்டது. இளைஞர் இன்று அத்தளையிலிருந்து விலகித் தாமே துணை தேட விரும்புவது இயல்பு. அது வரவேற்கத்தக்கதும் ஆகும். ஆனால் தளையை விட்டபோது சான்றையும் சேர்த்து விட்டுவிட்டோம் என்பதே நம் சிக்கல்.

4. பதிவேடு தந்த கண்

லயத்தின் நினைவு, நீதிமன்றத்தின் முன் போதிய சான்றாகவில்லை. மணம் நடந்ததை ஏட்டில் காட்ட முடியாத பெண்கள் உரிமை இழந்தனர். மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முசுலிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் அது கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அனைத்துத் திருமணங்களையும் பதிவுசெய்யப் பணித்தது.

மலேசியச் சட்டத்தின் ஒரு கூறு நம் கவனத்திற்குரியது. மணம்புரிய விரும்புவோர் அளிக்கும் அறிவிப்பு, பதிவதிகாரியின் அலுவலகத்தில் 21 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். மறுப்புடையோர் அதற்குள் தெரிவிக்கலாம். ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லுதல் என்பதன் சட்ட வடிவம் இதுவே. தொல்காப்பியர் கூறிய காரணமும் இதன் காரணமும் ஒன்றே.

இதற்கிடையே தோட்டங்கள் மாறின. பிள்ளைகள் தாப்பா, ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிச் சென்றனர். இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போருள் பலர் பிற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நகரத்து அடுக்ககத்தில் எதிர்வீட்டாரின் பெயரும் தெரிவதில்லை. எந்தத் தோட்டம் என்னும் வினாவுக்கு விடை சொல்ல இயலாத தலைமுறை வளர்ந்தது. அத்தலைமுறையிடமே இணையம் வந்து சேர்ந்தது.

5. திரைக்குப் பின்னுள்ள பொய்

இணையவழி மணத்துணை தேடலில் தமிழருக்கு முன்னோடிப் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த முருகவேல் சானகிராமன், அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில், 1997இல் தமிழர்க்கென ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் இடம்பெற்ற மணமக்கள் பகுதியே மக்களை மிகுதியாக ஈர்த்தது. பின்னர் அது பாரத் மேட்ரிமோனி என்னும் நிறுவனமாக வளர்ந்தது. செய்தித்தாள் விளம்பரத்தின் நான்கு வரி, படிவம் ஒன்றின் நாற்பது கட்டங்களாக விரிந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், தலைவன் தலைவியரிடையே அமையவேண்டிய பத்து வகை ஒப்புகளைக் கூறும். குடி, ஆண்டு, உருவம், திரு ஆகியன அவற்றுள் அடங்கும். படிவத்தின் கட்டங்கள் பல அவற்றையே நினைவூட்டுகின்றன. ஆனால் அவற்றை நிரப்புபவர் எழுதுவது மெய்யா என்பதைக் கூறும் கட்டம் படிவத்தில் இல்லை.

பொய் இங்கு இரு வகையில் நுழைகிறது. முதலாவது, தளமே பொய்யாக இருப்பது. 2014இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜே.டி.ஐ. டேட்டிங் என்னும் நிறுவனத்தின்மீது எடுத்த நடவடிக்கை இதற்குத் தெளிவான சான்று. அந்நிறுவனம் 18 இணைதேடு தளங்களை நடத்தியது. இலவசமாகப் பதிவுசெய்த ஒருவருக்கு, அருகில் வசிப்பவர்போல் தோன்றும் பலரிடமிருந்து உடனே செய்திகள் வரும். மறுமொழி எழுதவேண்டுமாயின் பணம் கட்டவேண்டும். செய்தி அனுப்பிய பலர் மனிதரே அல்லர். நிறுவனமே படைத்த கற்பனை உருவங்கள். கட்டிய சந்தாவும் உறுப்பினரின் தெளிவான இசைவின்றித் தானே புதுப்பிக்கப்பட்டது. நிறுவனம் 6,16,165 டாலர் செலுத்த நேர்ந்தது. பெரிய நிறுவனங்களும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. மோசடிக் கணக்குகள் என்று தானே ஐயுற்றவற்றிலிருந்து வந்த விருப்பச் செய்திகளைக் காட்டி மக்களைச் சந்தா கட்டத் தூண்டியது என்று, மேட்ச் குழுமத்தின்மீது அதே ஆணையம் 2019இல் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தது.

முகாம் மணத்தை இங்கு நினைவுகூர்க. தலைக்கணக்கில் வருவாய் பெறும் இடைநிலையாளன் தலைகளைப் பெருக்கினான் என்றோம். பொய்த்தளமும் அதையே செய்கிறது. அங்கு ஏட்டில் எழுதிய மனைவி. இங்குத் திரையில் வரைந்த காதலி.

இரண்டாவது வகையில், தளம் உண்மையானதே. உள்ளே நுழைபவன் பொய்யன். 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இத்தகைய காதல் மோசடிகளைப் பற்றி அந்த ஆணையத்திடம் முறையிட்டனர். அவர்கள் தெரிவித்த இழப்பு 130 கோடி டாலர். மலேசியாவில் பரவலாக அறியப்பட்ட வடிவம் பொதி மோசடி. வெளிநாட்டுப் பொறியாளர் என்றோ படைத்துறை அலுவலர் என்றோ ஒருவர் அறிமுகமாவார். பல வாரங்கள் அன்பாகப் பேசுவார். பின்பு பரிசுப்பொதி அனுப்பியதாகக் கூறுவார். அப்பொதி சுங்கத்துறையில் தடுத்துவைக்கப்பட்டுள்ளது என்று வேறொருவர் தொலைபேசியில் அழைப்பார். வரி, அபராதம், சான்றிதழ்க் கட்டணம் என்று கோரிக்கை நீளும். பணம் சென்றுசேரும் வங்கிக் கணக்கு வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். கணக்கைப் பிறர்க்கு இரவல் தந்த அம்மனிதரைச் சுமைதூக்கும் கழுதையாகக் கருதி, மலாய்மொழியில் அதனைக் கழுதைக் கணக்கு என்றே வழங்குகின்றனர்.

6. நேர்மையாளர் போட்டியிடும் வழி

இந்நிலையில் நேர்மையான தளம் எவ்வாறு நிலைக்கும்? பொருளியலறிஞர் சார்ச்சு அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையொன்று இவ்வினாவைப் பழைய வண்டிச் சந்தையைக் கொண்டு ஆராய்கிறது. நல்ல வண்டி எது, பழுதான வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிடில், இரண்டிற்கும் ஒரே விலையைத்தான் தருவார். அவ்விலை நல்ல வண்டிக்குக் கட்டுபடியாகாது. எனவே நல்லது சந்தையை விட்டு விலகும். நேர்மையின்மையின் விலையை ஏமாந்தவர் மட்டும் தருவதில்லை. விலகிப்போன நேர்மையாளரும் தருகிறார். அகெர்லாஃப் 2001இல் நோபெல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

இணைதேடு தளங்களின் நிலையும் இதுவே. பொய்த்தளம் இலட்சம் முகங்களைக் காட்டும். நேர்மையான தளத்தில் சில ஆயிரமே இருக்கும். பொய்த்தளத்தில் பதிவுசெய்தவுடன் பத்துச் செய்திகள் வரும். நேர்மையான தளத்தில் ஒரு வாரம் ஒன்றும் வாராமலும் இருக்கலாம். சரிபார்க்கும் பணியாளருக்கு ஊதியம் தரவேண்டிய செலவும் நேர்மையாளருக்கே. முதற்பார்வையில் பொய்யே வளமாகத் தோன்றும்.

எனவே நேர்மையாளர் எண்ணிக்கையில் போட்டியிட்டால் தோற்பர். அவர்கள் சான்றில் போட்டியிட்டாக வேண்டும். தொலைபேசி எண்ணையும் அடையாள ஆவணத்தையும் சரிபார்த்தல், சரிபார்த்தவற்றைத் தனிக்குறியிட்டுக் காட்டல், ஐயத்திற்குரிய கணக்குகளை நீக்கல், முறையீட்டிற்கு மனிதர் ஒருவரை அமர்த்தல் ஆகியன இன்றுள்ள வழிகள். இந்திய மணத்தளங்கள் சில, ஊர்களில் நேரடி அலுவலகங்களையும் திறந்தன. முகம் பார்த்துப் பேச ஓரிடம் உண்டு என்பதே அவற்றின் மூலதனம். தோட்டத்துத் தரகருக்கும் அதுவே மூலதனமாக இருந்தது.

ஆனால் ஒருவர் மட்டும் சரிபார்த்தால் செலவு அவருக்கு, இலாபம் பொய்யருக்கு. அனைவரும் சரிபார்த்தாக வேண்டும் என்னும் பொதுவிதியே நேர்மையாளருக்குச் சமதளம் அமைத்துத் தரும். 2016இல் இந்திய அரசு மணத்தளங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் அத்திசையில் எடுத்த ஓர் அடி. பயனரின் அடையாளத்தை உறுதிசெய்தல், தளம் மணத்திற்கானதே என்று அறிவித்தல், கணக்குத் தொடங்கியவரின் இணைய முகவரிப் பதிவைப் பேணுதல், குறைதீர் அலுவலரை அமர்த்தல் முதலியவற்றை அது கூறியது.

இதற்கும் எல்லை உண்டு. அடையாள அட்டை ஒருவர் பெயரைச் சொல்லும்; குணத்தைச் சொல்லாது. கூலி பெறும் காலமும் இங்கே கருதத்தக்கது. பழைய தரகர் மணம் முடிந்த பின் கூலி பெற்றார். தளம் தேடும் காலம் முழுதும் சந்தா பெறுகிறது. தேடல் நீள நீள இலாபம் என்னும் அமைப்பில், நேர்மையாளரின் உறுதியும் நாளடைவில் சோதனைக்கு உள்ளாகும்.

7. வகுப்பறையின் பங்கு

மொழி கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மோசடி முழுவதும் மொழியால் நடைபெறுகிறது. ஆதலின் வேலை உண்டு. பொய்யர் எழுதும் தமிழில் இடம் இல்லை, உறவு இல்லை. அண்ணன், அக்கா, மாமா என்னும் முறைப்பெயர்கள் தடுமாறும். வட்டார வழக்கு இராது. எவரையும் நோக்கி எழுதத்தக்க அன்புச் சொற்களே நிறைந்திருக்கும். இதனை மாணவர்க்கு ஒரு நடையியல் பயிற்சியாகவே தரலாம். அதேவேளை இதனை மட்டும் நம்பவும் கூடாது. இன்றைய கணினி வழுவற்ற தமிழ் எழுதுகிறது. நாளை வட்டார வழக்கும் எழுதும். நடை, ஐயத்தை எழுப்ப உதவும்; தெளிவைத் தருவது நேரில் காண்பவர் கண்ணே. நேரில் சந்திக்க மறுப்பவர், தம் வீட்டார் ஒருவரையேனும் காட்ட மறுப்பவர், சந்திக்கும் முன்பே பணம் கேட்பவர் ஆகிய மூவரையும் நம்ப வேண்டா.

பணம் அனுப்பிவிட்டவர் உடனடியாக அழைக்கவேண்டிய எண் 997. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது. பணம் அனுப்புமுன், பெறுபவரின் வங்கிக் கணக்கு முன்பே காவல்துறையில் முறையிடப்பட்டதா என்பதைச் ‘செமாக் மியூல்’ என்னும் காவல்துறைத் தளத்தில் காணலாம்.

இவற்றினும் முதன்மையான ஒன்று உண்டு. ஏமாந்தவரை எள்ளுதல் நம்மிடையே மிகுதி. படித்தவர்தானே, இந்த வயதில் இது தேவையா என்னும் சொற்களுக்கு அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. பொய்யனுக்கு வேண்டுவதும் அந்த மௌனமே. ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதே அவன் முதலில் கேட்கும் வாக்குறுதி. கண்டவர் இல்லாத இடத்திலேயே அவன் தொழில் நடக்கும்.

லயத்து வீடுகளுக்கு நாம் திரும்பப்போவதில்லை. அங்கிருந்த கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெறவும் வேண்டா. ஆனால் மகனோ மகளோ மாணவரோ, ‘ஒருவரை அறிந்துகொண்டேன்’ என்று கூசாமல் வந்து சொல்லத்தக்கவராக நாம் இருக்கலாம். சொன்னபோது கோபிக்காமல், ‘அவர் எந்த ஊர்? வா, ஒருமுறை பார்த்து வருவோம்’ என்று கேட்கலாம். ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லுதல் பழமொழியின் பழைய பாடம் அன்று என்று தொடக்கத்தில் கூறினோம். பாடமாக இல்லாவிடினும் வழக்கமாக அது இருந்தது. அவ்வழக்கத்தை மீட்க ஆயிரம் பேர் வேண்டா. நம்பிச் சொல்லத்தக்க ஒருவர் இருந்தாலே போதும்.